சிறுநீரகக் கட்டடம் தேரோடிய திங்கட்கிழமை

திருக்கோணம்பாடி பெரிய ஆஸ்பத்திரியின் சிறுநீரகக் கட்டடம் இருந்த இடத்தைவிட்டு நகரத் தொடங்கியதை முதலில் பார்த்தவன் நான், முதலில் திட்டியவனும் நானே, ஏனென்றால் அது நகர்ந்து வந்தது என் சைக்கிள் ஸ்டாண்டை நோக்கி. காலையில் வந்து கொட்டகையைத் திறந்து டோக்கன்களைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்தேன்; முதல் நாள்வரை வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மஞ்சள் கட்டடம் மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றது. மரத்தில் ஒரு கிளை முறியவில்லை, மாடி ஜன்னலில் காயப்போட்ட துண்டுகள் பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருந்தன, உள்ளே டயாலிசிஸ் மெஷின்கள் எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தன. "யாருய்யா இதைக் கொண்டாந்து இங்க வச்சது?" என்று கத்தினேன். வாட்ச்மேன் வந்து ஏற இறங்கப் பார்த்தார். "வச்சதில்ல பக்கிரி, அதுவா வந்துருக்கு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

எங்கள் ஆஸ்பத்திரியைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வளாகத்தின் இந்தக் கோடியில் சிறுநீரகம், அந்தக் கோடியில் இதயம், இடையில் கேன்டீன், பிள்ளையார், பிணவறை, என் ஸ்டாண்டு, அப்புறம் கண்ணுக்கு ஒரு கட்டடம், பல்லுக்கு ஒரு கட்டடம், நரம்புக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுற்றுச்சுவர், தனித்தனி வர்ணம், தனித்தனி வாட்ச்மேன். ஒரு கட்டடத்து நோயாளியை இன்னொரு கட்டடத்துக்கு அனுப்ப வேண்டுமானால் சீட்டு எழுதி, சக்கர நாற்காலி தேடி, குழியும் கல்லுமான பாதையில் உருட்டிக்கொண்டு போய், அங்கே வரிசையில் நின்று, "இன்னிக்கு இல்ல, அடுத்த வாரம் வாங்க" என்று கேட்டுக்கொண்டு, மறுபடி உருட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். உடம்புக்குள் ஒரு சாண், இரண்டு சாண் தள்ளி இருக்கிற உறுப்புகளை ஆஸ்பத்திரியில் சம்பந்தி சண்டை போட்ட வீடுகள் மாதிரி வைத்திருந்தார்கள். அதைப் பற்றி நாங்கள் யாரும் ஒரு நாளும் யோசித்ததில்லை.

கட்டடம் நகர்ந்ததையும் நாங்கள் ரொம்ப யோசிக்கவில்லை. பொதுப்பணித் துறை இன்ஜினியர் மதிவதனன் டேப்போடு வந்து சுற்றிச் சுற்றி அளந்தார், கட்டடம் வரைபடத்தில் இருக்கிறபடியே இருக்கிறது, பூமிதான் மாறியிருக்கிறது என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார், அங்கிருந்து பூமியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்படி பதில் வந்தது. தண்ணீர்க் குழாயும் மின்சாரக் கம்பியும் கட்டடத்தோடு தாமாக நீண்டுகொடுத்தன. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் வந்தது, அதற்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம், இட்லிக் கூடைக்காரி கூடையை நகர்த்தினாள், பூக்காரி முக்காலியை நகர்த்தினாள், ஆட்டோக்காரர்கள் "கிட்னிக்கா? நேத்து நின்ன எடத்துக்கா, இன்னிக்கு நிக்கிற எடத்துக்கா?" என்று கேட்டு ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்து எதிரே ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து கட்டடம் நகர்வதைப் பார்த்தார்கள், குழந்தைகளுக்குப் பொறுமை இல்லாததால் அது நகரும்போதெல்லாம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தன.

பொறுமை இருந்தவர் ஒருவர்தான், சிறுநீரகப் பிரிவின் டாக்டர் மங்கையர்க்கரசி. ஒல்லியான அம்மா, பருத்திப் புடவை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பு கிடக்கும், அதை எடுத்து வைக்க மறந்து மார்க்கெட்டுக்கும் அப்படியே வந்து நிற்பார். அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தன்னிடம் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தவர் யாராவது வீட்டில் இறந்துபோனால், காரியம் முடிந்த பிறகு அந்த வீட்டுக்குப் போவார். துக்கம் கேட்க வந்திருக்கிறார் என்று பாய் போடுவார்கள். அவர் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, மெதுவாகக் கேட்பார்: "கடைசி ரெண்டு நாள் படுத்தா மூச்சு வாங்குச்சா? எந்திரிச்சு உக்காந்தா சரியாச்சா? காலு வீங்குச்சா? ஞாயித்துக்கிழமை எப்படி இருந்தாரு?" செத்தவரைப் பற்றி இப்படியா கேட்பது என்று ஊரில் முதலில் வருத்தப்பட்டார்கள். அப்புறம் வீட்டுப் பெண்கள் பேச ஆரம்பித்தார்கள், பேசப் பேச அழுதார்கள், அழுதுகொண்டே ஒன்றுவிடாமல் சொன்னார்கள்.

அப்படி வருஷக்கணக்கில் வீடு வீடாகக் கேட்டு அந்த அம்மா கண்டுபிடித்தது இதுதான்: சிறுநீரகம் கெட்டவர்களில் பெரும்பாலானோரைக் கொண்டுபோவது சிறுநீரகம் இல்லை, இதயம். வெளியே போக முடியாத தண்ணீரும் உப்பும் ரத்தத்தில் தேங்கி இதயத்தின்மேல் ஏறி உட்காருகின்றன. சனி, ஞாயிறு டயாலிசிஸ் இல்லாத இடைவெளி தாண்டித் திங்கட்கிழமை விடியும்போது அது தாங்க முடியாமல் நின்றுவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு சிறுநீரக நோயாளியின் இதயத்தையும் மாதம் தவறாமல் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும், இரண்டு துறையும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதை ஓர் ஆராய்ச்சியாகச் செய்து காட்டுகிறேன் என்று ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் குழுவிடம் கேட்டார். குழு கூடியது, போண்டா சாப்பிட்டது, இது இரண்டு துறைகளில் வருவதால் எந்தத் துறையிலும் வராது என்று சொல்லி அனுப்பியது. இதயப் பிரிவின் தலைவர் டாக்டர் அருமைநாயகம் நல்ல கைராசிக்காரர், பேச்சும் மரியாதையாகத்தான் இருக்கும். "உங்க பேஷண்ட்ட நீங்க பாருங்க மேடம், என் பேஷண்ட்ட நான் பாக்குறேன். ஏற்கெனவே என் வாசல்ல கூட்டம் தாங்கல" என்றாராம்.

அந்த வாசலுக்குப் போகிற வழியில்தான் டாக்டரம்மாவின் நோயாளி கொத்தனார் அந்தோணி செத்தார். அந்த வருஷம் மாசிமாதம், என் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே, சக்கர நாற்காலியின் முன்சக்கரம் குழியில் மாட்டிக்கொண்டு நின்றபோது, அவர் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சொல்லவில்லை. அந்த ஸ்டாண்டின் தரையைப் பூசிக்கொடுத்தவர் அவர். டாக்டரம்மா அந்தக் குழிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன், எனக்கும் அழுகை வந்தது. கட்டடம் நகர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது.

இனி தியாகேசனுக்கு வருகிறேன். எங்கள் ஊர்த் தேருக்குக் கட்டை போடுகிறவன் தியாகேசன். தேர் என்றால் மேலே சாமி, கீழே வடம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஆயிரம் பேர் இழுக்கிற தேரை எங்கே நிறுத்துவது, எங்கே திருப்புவது என்று தீர்மானிக்கிறவன் சக்கரத்தடியில் முட்டுக்கட்டையோடு குனிந்து ஓடுகிறவன், ஒரு விரற்கடை பிசகினால் தேர் வீட்டுக்குள் போய்விடும் அல்லது அவன் சக்கரத்துக்குள் போய்விடுவான். தியாகேசன் போட்ட கட்டை பிசகியதில்லை. ஆனால் நாற்பது வயதில் அவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டன, திங்கள், புதன், வெள்ளி என்று மஞ்சள் கட்டடத்து ஜன்னலோரக் கட்டிலில் கையில் ஊசியோடு படுக்க வேண்டியதாயிற்று. அந்த வருஷம் வேறு ஆள் கட்டை போட்டு, தேர் தெற்கு வீதி முனையில் திரும்பாமல் சிக்கி, ஒரு நாள் முழுக்க அங்கேயே நின்றது. அந்த அவமானத்தை ஊரால் மறக்க முடியவில்லை. அந்த வாரம் தியாகேசன் டயாலிசிஸுக்குப் போகாமல் தேரடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தான், அவன் மனைவி செண்பகவல்லி மன்றாடியும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவனுக்கு நெஞ்சு வலிக்க ஆரம்பித்தது. டாக்டரம்மா மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார், தோல் செருப்பு தரையில் தேய்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம், இதயத்தைச் சுற்றியிருக்கிற உறை அழன்று புண்ணாகிப்போயிருக்கிறது என்றார், தினமும் டயாலிசிஸுக்கு ஏற்பாடு செய்தார், அவசரமாக எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்லி இதயக் கட்டடத்துக்குச் சீட்டு அனுப்பினார். அடுத்த வியாழக்கிழமை வரச்சொல்லிப் பதில் வந்தது. டாக்டரம்மா தானே நடந்து போய்ச் சண்டை போட்டார், வியாழக்கிழமை புதன்கிழமையாயிற்று.

அந்தப் புதன்கிழமை வருவதற்கு முன்னால் திங்கட்கிழமை வந்தது, அன்றைக்குத்தான் எங்கள் ஊருக்குப் புத்தி வந்தது, அதாவது புத்தி வந்ததாக நாங்கள் நினைத்துக்கொண்டோம். கட்டடம் என் கொட்டகைக் கூரையைத் தொட ஒரு முழம்தான் பாக்கி. தேர்க் கமிட்டிக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தார்கள். இவ்வளவு பெரிய பொருள், இவ்வளவு மெதுவாக, ஆடாமல் அசையாமல் நகர்கிறதென்றால் அது என்ன? எங்கள் ஊரில் அதற்கு ஒரே பதில்தான். தேர் என்றால் அது என்ன செய்ய வேண்டும்? நாலு வீதியும் சுற்றி நிலைக்கு வர வேண்டும். பாவம், வழி தெரியாமல் ஆஸ்பத்திரிக்குள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கிறது, நாம்தான் வாசலைக் காட்டி வீதிக்குக் கொண்டுவர வேண்டும், இந்த வருஷத்து அவமானமும் தீரும் என்று தீர்மானித்தார்கள். கேட்ட எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றோம். என் கொட்டகை தப்புகிறதே, நான் எல்லோரையும்விட உரக்கச் சொன்னேன்.

டாக்டரம்மா வாசற்படிக்கு ஓடி வந்தார். "எங்க கொண்டுபோறீங்க? அது எங்க போகுதுன்னு தெரியலையா உங்களுக்கு? நேரா பாருங்க, அதோட மூக்கு எந்தப் பக்கம் இருக்கு? அது ஹார்ட் பில்டிங்குக்குப் போகுது!"

"டாக்டரம்மா, நீங்க உள்ள வைத்தியத்த பாருங்க. ஓட்டுறத நாங்க பாத்துக்குறோம்" என்றார் கமிட்டித் தலைவர்.

கட்டடத்தின் மூலைக்கு மூலை கட்டை கொடுத்தார்கள், தூண்களில் வடத்தைப் பூட்டினார்கள், ஒரு நெம்பு நெம்பியதும் அது தயங்கி, முனகி, மூக்கைத் திருப்பியது, கூட்டம் 'ஓ' என்று கூவியது. ஆஸ்பத்திரி வாசல் வளைவைக் கழற்றி ஓரமாய் வைத்தார்கள். கீழவீதியில் பெண்கள் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார்கள், நாகஸ்வரக்காரர் மல்லாரி எடுத்தார், பானகமும் நீர்மோரும் குடம் குடமாக வந்தன. தேரோடும்போது வீதியில் கரண்ட்டை நிறுத்துவது வழக்கம், லைன்மேன் கம்பத்தில் ஏறிவிட்டார், டாக்டரம்மா மாடி ஜன்னலில் தலையை நீட்டி, "நிறுத்தினே, உள்ள இருக்கிற அத்தனை பேரோட ரத்தமும் குழாயிலயே நின்னுடும், எறங்குய்யா!" என்று போட்ட சத்தத்தில் அவர் அப்படியே சறுக்கி இறங்கினார். கம்பிகளை மூங்கில் கவையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள், மஞ்சள் கட்டடம் இந்த வரிசை வீட்டுக்கும் அந்த வரிசை வீட்டுக்கும் இடையில் கையளவு இடம் விடாமல், ஒவ்வொரு கட்டிலிலும் ஒவ்வொரு ஆளோடு, ஒவ்வொரு ஆள் பக்கத்திலும் சுழல்கிற மெஷினோடு, கீழவீதியில் பெருமையாகப் புறப்பட்டது. பொய் சொல்வானேன், அழகாகத்தான் இருந்தது.

ஜன்னலோரத்தில் தியாகேசன் தெரிந்தான். படுக்கவில்லை, உட்கார்ந்திருந்தான், மடியில் தலையணையை வைத்துக்கொண்டு அதன்மேல் குனிந்திருந்தான். "பாருடா, படுத்த படுக்கையிலயும் வீதிய விழுந்து கும்புடுறான்!" என்று யாரோ சொல்ல, வடம் பிடித்தவர்கள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "தியாகேசா! ஒன் தேருடா!" என்று கத்தினார்கள். அவன் நிமிரவில்லை. அவன் பக்தியை மெச்சி இன்னும் பலமாக இழுத்தார்கள்.

செண்பகவல்லி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ கத்தினாள். தவிலும் நாகஸ்வரமும் கூட்டமுமாக அது யாருக்கும் கேட்கவில்லை. தெற்கு வீதி முனை வந்தது, அந்த வருஷம் தேர் சிக்கிய அதே முனை, திருப்புவதற்குக் கட்டை கொடுத்தார்கள், வடத்தை இறுக்கினார்கள், 'ஏலேலோ' போட்டார்கள். கட்டடம் நின்றுவிட்டது. இழுத்தார்கள், நெம்பினார்கள், தேங்காய் உடைத்தார்கள். அசையவில்லை. நாகஸ்வரக்காரர் மூச்சு வாங்க வாத்தியத்தை இறக்கினார். அந்த அமைதியில்தான் செண்பகவல்லியின் குரல் முதல்முறையாக எங்களுக்குக் கேட்டது.

"கும்புடலய்யா அவரு! நிமுந்தா நெஞ்சு வலிக்குது, குனிஞ்சா கொறையுதுன்னு விடியக்காலயிலேந்து இப்படியே உக்காந்துருக்காரு! இப்ப அதுவும் முடியல. கண்ணு சொருகுது. எம்புருசன எங்கய்யா இழுத்துட்டுப் போறீங்க!"

வடம் தானாகத் தரையில் விழுந்தது. டாக்டரம்மா ஜன்னலுக்கு வந்தார், முகத்தில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "இதயத்த சுத்தித் தண்ணி கோத்துடுச்சு" என்றார். "நாலா பக்கமும் நெருக்குது, விரிஞ்சு துடிக்க எடமில்ல. ஊசி போட்டு அந்தத் தண்ணிய எடுக்கணும். அதப் பாத்துப் போட எக்கோ மெஷின் வேணும், பழகின கை வேணும். ரெண்டும் அங்க இருக்கு, நீங்க எங்கள இங்க கொண்டாந்து விட்டுட்டீங்க."

ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். அது வளாகத்து வாசலில் நின்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது, கீழவீதி முழுக்க ஜனம், ஒரு ஆள் திரும்பி நிற்க இடமில்லை. தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றார்கள், குலுக்கினால் தாங்காது என்றார் டாக்டரம்மா. தேர்க் கமிட்டித் தலைவர் கையைப் பிசைந்தார். "டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க. என்ன செய்யணும்?"

"அதத்தான் காலையிலேந்து சொல்றேன். விடுங்க. அதுக்குத் தெரியும் எங்க போகணும்னு."

அப்போது தியாகேசன் தலையணையிலிருந்து முகத்தைக் கொஞ்சமாகத் திருப்பினான். உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் குரல் வழக்கமாக நாலு வீதிக்கும் கேட்கும், அன்றைக்கு முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது. முதல் வரிசை பின் வரிசைக்குச் சொல்ல, பின் வரிசை அதற்கும் பின்னே சொல்ல, அந்த மூன்று வார்த்தை கீழவீதி முழுவதும் ஓடியது.

"கட்டைய எடுங்கடா, பாவிங்களா."

எடுத்தார்கள். கடைசிக் கட்டை உருவப்பட்டதும் மஞ்சள் கட்டடம் பெருமூச்சு விட்டது, அத்தனை ஜன்னல்களும் ஒருமுறை திறந்து மூடின, எந்தத் தேரும் திரும்பாத விதமாக, இரண்டு பக்கத்து வீடுகளிலும் சுண்ணாம்புகூட உதிராமல், நின்ற இடத்திலேயே மெல்ல வட்டமடித்து வந்த வழியே மூக்கைத் திருப்பியது. ஆனால் அது போகிற வேகத்துக்கு அந்தி சாய்ந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. செண்பகவல்லி புருஷன் முதுகைத் தடவிக்கொண்டு, "இந்தா வந்துட்டோம், இந்தா வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நாங்கள் ஆயிரக்கணக்கான பேர் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம், வாழ்க்கையில் அப்படியொரு கையாலாகாத நிலையை நான் அனுபவித்ததில்லை.

அப்போதுதான் வளாகத்துப் பக்கத்திலிருந்து கூச்சல் எழுந்தது. "ஒதுங்கு, ஒதுங்கு, வருது, வருது!" ஆம்புலன்ஸுக்கு வழிவிட முடியாத கூட்டம் அதைக் கேட்டதும் பிளந்தது, ஏனென்றால் பெரியது ஒன்று வரும்போது ஒதுங்குவது எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். வீதியின் அந்தக் கோடியில், வாசல் வளைவு கிடந்த இடத்தைத் தாண்டி, சிவப்பு நிற இதயக் கட்டடம் வந்துகொண்டிருந்தது. மஞ்சள் கட்டடம்போல நத்தை நடை இல்லை, வேகமாக, ஒரு தாளத்தோடு, ஒரு எட்டு, சின்ன நிறுத்தம், ஒரு எட்டு, சின்ன நிறுத்தம் என்று வந்தது. அதன் முகப்பில் டாக்டர் அருமைநாயகம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார், இன்னொரு கையில் காப்பி டம்ளர், அதைக் கீழே வைக்க அவருக்குத் தோன்றவில்லை. காப்பி டம்ளரும் கையுமாக ஒரு நோயாளியின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்த மார்பின் சத்தத்துக்குப் பின்னால் இன்னொரு சத்தம் கேட்டதாகவும், தோல் செருப்பு தேய்கிற மாதிரி இருந்ததாகவும், அது தன் கட்டடத்தின் சுவரிலிருந்து வந்ததாகவும், தலைநிமிர்ந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே கேன்டீன் பின்னால் போய்க்கொண்டிருந்ததாகவும் அவர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார்.

இரண்டு கட்டடமும் தபாலாபீசுக்கு எதிரே நெருங்கின. இடைவெளி ஒரு வண்டி அகலமாயிற்று, ஓர் ஆள் அகலமாயிற்று. டாக்டர் அருமைநாயகம் டம்ளரைக் கீழே போட்டார், கையை வாய்க்கருகில் குவித்துக்கொண்டு கத்தினார்: "மேடம்! எக்கோ மெஷினை வாசலுக்கே தள்ளிட்டு வந்தாச்சு. பேஷண்ட்ட கொண்டாங்க!"

மஞ்சள் சுவரும் சிவப்புச் சுவரும் தொட்டன. சத்தமே இல்லை. தொட்ட இடத்தில், ரொம்ப நாளாக அங்கேயே இருந்தது போலப் பச்சைத் திரை போட்ட ஒரு கதவு இருந்தது. டாக்டரம்மா திரையை விலக்கினார், கட்டிலைத் தள்ளினார்கள், கட்டில் சக்கரம் ஒரு இடத்திலும் தட்டாமல் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போயிற்று. அந்தோணிக்கு இது கிடைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன், வாய்விட்டும் சொன்னேன், பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

உள்ளே நடந்ததை செண்பகவல்லி சொல்லித்தான் தெரியும். மெஷின் திரையில் அவள் புருஷனின் இதயம் கருப்புத் தண்ணீருக்கு நடுவே தத்தளித்துக்கொண்டு தெரிந்ததாம். அருமைநாயகம் ஊசியைப் பிடித்தார், மங்கையர்க்கரசி திரையைப் பார்த்துக்கொண்டு "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், அங்கதான்" என்றார், செம்புநிறத் தண்ணீர் ஊசிக்குழாயில் ஏற ஆரம்பித்தது. எடுக்க எடுக்கத் தியாகேசனின் குனிந்த முதுகு நிமிர்ந்தது. உதட்டில் நிறம் வந்தது. அவன் கண்ணைத் திறந்து டாக்டர்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தெற்கு முனையில எடப்பக்கம் ரெண்டு கட்டையா குடுத்தான் அந்த மடையன்?" என்று கேட்டானாம். செண்பகவல்லி அழுதுகொண்டே அவன் தோளில் ஒரு அடி போட்டாள், அருமைநாயகம் வாய்விட்டுச் சிரித்தார்.

அவன் ஜன்னலில் வந்து நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் கீழவீதியில் எழுந்த சத்தத்தை நான் எப்படிச் சொல்வேன்! நாகஸ்வரக்காரர் கேட்காமலே வாசித்தார், தெரியாதவர்கள் தெரியாதவர்களைக் கட்டிக்கொண்டார்கள், இன்ஜினியர் மதிவதனன் டேப்பைத் தலைக்குமேல் சுழற்றி ஆடினார். இரண்டு கட்டடமும் ஒட்டியபடியே, சிவப்பு தன் நடையைக் குறைத்து, மஞ்சள் தன் நடையைக் கூட்டி, ஊர் முழுக்கப் பின்னால் வர, வளாகத்துக்குள் திரும்பி வந்து சரியாக என் சைக்கிள் ஸ்டாண்டின்மேல் உட்கார்ந்தன. கொட்டகை போயிற்று. எனக்கு ஒரு துளி வருத்தமில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், துளி இருந்தது. கேட்டுப் பக்கம் வேறு இடம் கொடுத்தார்கள்.

ஆராய்ச்சிக் குழு மறுபடி கூடியது, இந்தமுறை போண்டா ஆறிப்போகும்வரை மங்கையர்க்கரசி பேசியதைக் கேட்டது. பச்சைத் திரைக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலி போட்டு இரண்டு டாக்டரும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு சிறுநீரக நோயாளியின் இதயமும் மாதம் தவறாமல் பார்க்கப்பட்டது, இதய நோயாளிகளின் சிறுநீரகமும் பார்க்கப்பட்டது, வாரக்கடைசியில் இடைவெளி விழாதபடி ஞாயிற்றுக்கிழமையும் மெஷின்கள் ஓடின. எங்கள் ஊரில் திங்கட்கிழமைச் சாவு குறைந்தது, பிறகு அபூர்வமாயிற்று. டாக்டரம்மா துக்க வீடுகளுக்குப் போவது நின்று, இப்போது கல்யாண வீடுகளில் முதல் வரிசையில் உட்கார வைக்கிறார்கள், அங்கேயும் ஸ்டெதஸ்கோப்போடுதான் இருக்கிறார். அவர் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வெளியூர் டாக்டர்கள் வருகிறார்கள், அவர்கள் வண்டிக்கெல்லாம் டோக்கன் கொடுப்பது நான்தான்.

அடுத்த வருஷம் தேருக்குத் தியாகேசன் கட்டை போட்டான். முதல் நாள் டயாலிசிஸ், அன்று காலை எக்கோ, இரண்டு டாக்டரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள், ஓடக் கூடாது, நடக்கலாம் என்று. அவன் நடந்தே போட்டான். தெற்கு வீதி முனையில் ஒரே ஒரு கட்டை, தேர் குழந்தைபோலத் திரும்பியது. வடம் பிடித்த அத்தனை பேரும் இழுப்பதை நிறுத்தி அவன் பெயரைச் சொல்லிக் கூவினார்கள், செண்பகவல்லி பானகக் குடத்தோடு நின்றவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் காலை நான் புதுக் கொட்டகையைத் திறந்தபோது பல் ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கட்டடம் கண் கட்டடத்தைத் தாண்டி வந்து நின்றது. இதயத்தின் பக்கம் போகிறதா, சர்க்கரை வார்டுப் பக்கமா என்று சொல்ல முடியாமல் இடையில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. வழி என் புது ஸ்டாண்டு வழியாகத்தான். சேதி பரவி, தேர்க் கமிட்டிக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள், முட்டுக்கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தியாகேசனும் வந்தான். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் கட்டடத்தை அடிமுதல் நுனிவரை பார்த்தான், கட்டையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"டாக்டரம்மாவக் கூப்புடுங்க" என்றான். "எந்தப் பக்கம்னு அவங்க சொல்லட்டும்."

நான் ஸ்டாண்டுக்குள் போய்ச் சைக்கிள்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைக்க ஆரம்பித்தேன்.